கேட்கக் கேட்க

'கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்' என்றொரு தொடர் நம் மக்களிடையே வழங்கி வருகிறது. 1992ஆம் ஆண்டு 'ரோஜா' வெளிவந்ததற்குப் பின்னர், ஏ. ஆர். ரகுமானின் ஒவ்வொரு புதிய இசைத்தொகுப்பும் வரும்போதெல்லாம் கல்லூரி விடுதிகளிலும் தேநீர்க் கடைகளிலும் இத்தொடர் ஒலித்தது. பாதி பாராட்டாகவும் பாதி சமாதானமாகவும் சொல்லப்பட்ட சொல் அது. முதல் நாள் முகஞ்சுளித்தவரே மூன்றாம் வாரம் அதே பாடலை முணுமுணுத்துக் கொண்டிருப்பார். 1997இல் வந்த 'இருவர்' திரையரங்குகளில் தோற்றது; அதன் பாடல்களோ இன்றளவும் நிலைத்து நிற்கின்றன.

எளிய இத்தொடருக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. மீண்டும் மீண்டும் கேட்பதற்கான வாய்ப்பு நமக்கு எங்கிருந்து வந்தது? அதை யார் தந்தார்கள்? அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களை நடுவில் வைத்து இதை ஆராய்ந்து பார்ப்பது பயனுடையது எனக் கருதுகிறோம். அதற்கு அண்மைக் காரணம் ஒன்றும் உண்டு.

2025ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில், ஆடித் திருவாதிரை விழாவின் நிறைவு நாளன்று, இந்தியப் பிரதமரின் முன்னிலையில் இளையராஜாவின் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. அதில் திருவாசகப் பாடல்களும் இடம்பெற்றன. 20 ஆண்டுகளுக்கு முன் அவர் வெளியிட்ட ஓர் இசைத்தொகுப்பு, இராசேந்திர சோழன் எடுப்பித்த கோயிலின் முன் ஒலித்த நாள் அது.

'திருவாசகம்' என்னும் அத்தொகுப்பு 2005இல் வெளிவந்தது. கத்தோலிக்கக் குருவான ஜெகத் கஸ்பர் ராஜ் தலைமையில் இயங்கிய தமிழ் மையம் அதனைத் தயாரித்தது. மாணிக்கவாசகரின் பாடல்களை இளையராஜா தம் குரலிலேயே பாடினார்; ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது; இடையிடையே வரும் ஆங்கில வரிகளை அமெரிக்கரான ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். மக்கள் அதனைச் 'சிம்பொனி' என்றே அழைத்தனர். உண்மையில் அது 'ஆரட்டோரியோ' என்னும் வகையைச் சேர்ந்தது. அவ்வகைக்கு அப்பெயர் வந்த வழியை நம் வாசகர்கள் அறிந்தால் மகிழ்வர். புனித பிலிப்பு நேரியார் 16ஆம் நூற்றாண்டில் உரோமை நகரில் கூட்டிய செபக்கூடத்திற்கு 'ஆரட்டரி' என்று பெயர். அங்கே பாடப்பட்ட பக்தி இசையிலிருந்து, நாடகக் காட்சியின்றிக் குரலாலும் கருவியாலும் மட்டுமே ஒரு பொருளை விரித்துரைக்கும் இந்த வடிவம் கிளைத்தது. 1742இல் டப்ளின் நகரில் முதன்முறை அரங்கேறிய ஹாண்டலின் 'மெசையா' இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. சைவத் திருமுறை ஒன்று இந்த வடிவத்தில் அமைந்ததும், அதற்கு ஒரு குருவானவர் துணை நின்றதும் எண்ணி வியக்கத்தக்கவை. 1900ஆம் ஆண்டிலேயே திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப்பும் கிறிஸ்தவ மறைப்பணியாளரே என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

இத்தொகுப்பு முதற் கேள்வியிலேயே எல்லாரையும் கவர்ந்ததென்று சொல்வது பொய்யாகும். ஓதுவார்கள் திருவாசகத்தை மோகன ராகத்தில் பாடுவது மரபு. அந்த ஒற்றை ராகத்தின் அமைதியில் ஊறிய செவிகளுக்கு, பல ராகங்களும் வயலின் வரிசைகளும் ஆங்கிலக் குழுப்பாடலும் ஒருங்கே வந்து மோதியது அந்நியமாகவே இருந்தது. நான்கு நிமிடத் திரைப்பாட்டை எதிர்பார்த்து வாங்கியவர்களுக்கோ அது இன்னும் கடினம். 'பொல்லா வினையேன்' என்னும் பகுதி மட்டும் ஏறத்தாழ 20 நிமிடங்கள் நீள்கிறது. சிவபுராணத்தை அதன் முதல் அடியிலிருந்து எடுக்காமல், தன் தகுதியின்மையை மனிதன் ஒப்புக்கொள்ளும் இடைப்பகுதி அடி ஒன்றிலிருந்து இசையமைப்பாளர் தொடங்குகிறார். நூலை மனப்பாடமாக அறிந்தவரும் அங்கே ஒரு கணம் தடுமாறுவர்.

ஆனால் மூன்றாம் முறை, நான்காம் முறை கேட்கும்போது நிகழ்வது வேறு. முதலில் குரல் மட்டுமே நம் காதில் விழுகிறது. அடுத்த முறை, குரல் ஓய்ந்த இடத்தில் நரம்புக் கருவிகள் விடையளிப்பது கேட்கிறது. பின்னொரு நாள், தாழ்ந்த சுருதியில் நெடுநேரமாக வேறொரு மெட்டு ஓடிக்கொண்டிருந்ததைத் திடுமென உணர்கிறோம். முதல் நாளும் அது அங்கேதான் இருந்தது. நீண்ட அந்த 20 நிமிடங்களுக்குள் தொடக்கம் எது, திருப்பம் எது, எங்கே மூச்சு வாங்கலாம் என்று செவிக்கு வழி தெரிந்துவிட்டபின், நீளம் என்ற குறையே மறைந்துபோகிறது. எமது மதிப்பீட்டில், இளையராஜா திரைக்கு வெளியே செய்த பணிகளுள் இதுவே தலையாயது. இதைச் சொல்ல எமக்குப் பல முறை கேட்க வேண்டியிருந்தது.

பழங்காலத்தில் இத்தகைய பழக்கத்தைத் தந்தது கோயில். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் திருப்பதியம் பாட முதலாம் இராசராசன் 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் அமர்த்தி, ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல் அளக்கச் செய்தான் என்று அக்கோயிற் கல்வெட்டு கூறுகிறது. அதாவது, ஒரு பாட்டு நாள் தவறாமல் ஒலிப்பதற்கு அரசே செலவு செய்தது. அவன் மகன் எடுத்த கங்கைகொண்ட சோழேச்சரத்தைக் கருவூர்த் தேவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் உள்ளது. கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடிக்கு மூவர் தேவாரமும் உண்டு. சந்நிதியில் நின்ற உழவன் இப்பாடல்களைத் தேர்ந்தெடுத்துக் கேட்டவனல்லன்; கேட்டுக் கேட்டு அவை அவனுடையவை ஆயின.

நம் ஆலயங்களிலும் கதை இதுவே. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஏடு 1963 டிசம்பர் 4 அன்று வெளியாகும்வரை, திருப்பலியின் மொழி இலத்தீன். எழுதப் படிக்க அறியாத மூதாட்டியரும் இலத்தீன் பாடற்பூசைப் பாடல்களை ஞாயிறுதோறும் கேட்டு, சொல்லின் பொருள் தெரியாமலே மெட்டின் வளைவுகளை நெஞ்சில் வைத்திருந்தனர். தாய்மொழி வழிபாடு வந்தது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. எனினும், பொருள் புரிவதற்கு முன்பே இசை மனிதனுக்குள் குடியேற முடியும் என்பதற்கு அம்மூதாட்டியரே சான்று.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று இம்மண்ணில் உண்டு. இத்தாலி நாட்டிலிருந்து வந்து, அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், அவ்வூரைத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகம் பாடினார். 3,615 விருத்தங்கள் கொண்ட தேம்பாவணி அவர் தந்தது. தமிழ் விருத்தத்தின் ஓசை இலக்கணப் புத்தகத்திலிருந்து மட்டும் ஒருவருக்குக் கைவராது. அயல்நாட்டுச் செவி ஒன்று ஆண்டுக்கணக்கில் இவ்வூர் ஒலிகளுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தால்தான் அது கைகூடும்.

இனி இயந்திரங்களின் காலத்திற்கு வருவோம். பழைய இசைத்தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழன்றது. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் பாடினாலே பெரிது. அதற்கேற்பப் பாட்டும் குறுகிற்று. 1948இல் அமெரிக்காவில் நெடுநேர இசைத்தட்டு வந்த பின்னரே, ஒரு பக்கத்தில் 20 நிமிடத்திற்கும் மேலாக இசை தொடர்ந்தது. 'தொகுப்பு' என்ற எண்ணமும் வலுப்பெற்றது. ஆனால் நம் கிராமங்களில் தட்டு வாங்கியவர் எத்தனை பேர்? 1939இல் தொடங்கிய திருச்சி வானொலியும், பின்னர் இலங்கை வானொலியும், திருமண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியுமே இவ்வட்டாரத்து மக்களுக்கு இசையைத் தந்தன. எது ஒலிக்க வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்தார். ஆடி மாதம் பிறந்தால் எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் அதிகாலையிலேயே ஊரை எழுப்பிவிடும். பிடிக்குமா பிடிக்காதா என்று எவரும் நம்மைக் கேட்பதில்லை.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த ஒலிநாடாதான், அந்த முடிவை நம் கையில் கொடுத்தது. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும், லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோர் திரும்பி வருகையில் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தனர். பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தருகே பாட்டுப் பதிவு செய்து தரும் கடைகள் பெருகின. இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒலிநாடாவில் பிடிக்காத பாட்டைத் தாண்டிச் செல்வது எளிதன்று. விசையை அழுத்தி ஓடவிட்டு, நிறுத்தி, எங்கே வந்திருக்கிறோம் என்று கேட்டு, தாண்டிப் போய்விட்டதென்று திரும்பச் சுற்றி... இதற்குள் அந்தப் பாட்டே முடிந்திருக்கும். மின்கலம் தீருமே என்ற அச்சம் வேறு. பென்சிலை நுழைத்துக் கையால் சுற்றியவர் பலர். ஆகவே ஒரு பக்கத்தை முழுவதுமாகக் கேட்பதே வழக்கமாயிற்று. வீட்டில் இருந்த நாடாக்களும் ஐந்தோ பத்தோதான். காசு கொடுத்து வாங்கியதைக் கேட்காமல் விட மனம் வருமா? நடுவில் அகப்பட்டுக்கொண்ட அந்தப் பிடிக்காத பாட்டு, முப்பதாவது முறையில் அனைத்திலும் இனியதாக மாறியது எத்தனை வீடுகளில்!

இந்தச் சூழலில்தான் 1986இல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வந்தது. தியாகராசருக்கும் பாக்கிற்கும் காணிக்கையாக்கப்பட்ட அத்தொகுப்பில் பாட்டு வரிகள் கிடையா. வி. எஸ். நரசிம்மனின் வயலினே முதன்மை. ஒரு பகுதியில் பாக் எழுதிய தனி வயலின் இசை அப்படியே ஓட, அதனோடு நம் நாட்டுக் கற்பனை உரையாடுகிறது. இளையராஜா என்ற பெயரை உறையில் கண்டு, 'அன்னக்கிளி' போல் ஏதோ இருக்குமென்று வாங்கியவர்கள் திகைத்தனர். திகைத்தவர்கள் அதை வீசிவிடவில்லை, வீச முடியவுமில்லை. இரண்டாண்டு கழித்து ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்தபோது, அதனை வரவேற்கப் பழகிய செவிகள் காத்திருந்தன.

ஐரோப்பாவிலும் இதற்கு நிகரான செய்தி உண்டு. 1913 மே 29 அன்று பாரிஸ் நகரில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' அரங்கேறியபோது அரங்கில் கூச்சலும் குழப்பமும் எழுந்தன. மறு ஆண்டு அதே நகரில் அதே இசை நடனமின்றி ஒலித்தபோது, மக்கள் அவரைத் தோளில் தூக்கிச் சென்றனர். பழக்கமே விருப்பத்தை வளர்க்கிறது என்று 1968இல் உளவியலார் ராபர்ட் ஸாயன்ஸ் சோதனைகளால் காட்டினார். எளிய இசை விரைவில் பிடித்து விரைவில் சலிக்கும், செறிந்த இசை தாமதித்துப் பிடிக்கும் என்று பின்வந்தோர் கூறினர். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுமா என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சிரிக்கக்கூடும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. திரும்பத் திரும்ப ஒலித்தால் அற்பமானதும் பழகிவிடும். விளம்பரக்காரர்கள் அதனால்தான் வாழ்கின்றனர். பழகியதற்கும் வளர்ந்ததற்கும் வேற்றுமை உண்டு. பத்தாம் முறை கேட்கையில் புதிதாக ஏதேனும் கேட்கிறதா என்பதே உரைகல். 'திருவாசகம்' அந்த உரையில் தேறுகிறது. ரகுமானின் தொகுப்புகளிலும் சில தேறும், சில தேறா. பெயர்களைச் சொல்லிப் பகை தேடிக்கொள்ள விரும்பவில்லை.

இன்று கைப்பேசியில் உலகின் இசையெல்லாம் கிடைக்கிறது. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கத்து லாரி ஓட்டுநரும், வேப்பந்தட்டைப் பருத்திக் காட்டில் நிற்பவரும் பாக்கைக் கேட்கலாம். இது நம் முன்னோர் கனவிலும் காணாத செல்வம். ஆனால் விரல் ஒருமுறை தட்டினால் பாட்டு மாறிவிடுகிறது. பத்து நொடி பொறுக்காதவரிடம் 20 நிமிடப் பாடல் என்ன செய்யும்? இழப்பு கேட்பவருக்கு மட்டும் என்றால் கவலையில்லை. முதற் கேள்வியில் பிடிக்காது என்று தெரிந்தால், அத்தகைய ஒன்றை உருவாக்கப் பொருள் தருபவர் யார், அதற்கு உழைப்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது. 2005இல் ஒரு தமிழ் அமைப்பு ஹங்கேரி வரை சென்றது, பொறுத்துக் கேட்பவர் இங்கே உண்டு என்று நம்பியதால்தான்.

பங்குகளில் இளையோர் கூடும் ஞாயிறு மாலைகளில் ஒரு சிறு முயற்சி செய்து பார்க்கலாம். ஒரே தொகுப்பை, ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல், கைப்பேசிகளை வாயிலில் வைத்துவிட்டு, தொடர்ந்து நான்கு வாரம் கேட்பது. இரண்டாம் வாரம் பாதிப்பேர் வரமாட்டார்கள். அதனால் சோர்வடைய வேண்டியதில்லை. முதல் மூன்று வாரமும் எவரிடமும் 'எப்படியிருந்தது?' என்று கேட்காமலிருப்பது நல்லது.