ஞாயிறு பள்ளியும் ஒரு நீல நோட்டும்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. சாப்பிட்டுவிட்டு சாவகாசமாகப் படியுங்கள்.

போன மாதம் எங்கள் சபைக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. ஞாயிறு பள்ளிக்கு இப்போது வருவது பதினொரு பிள்ளைகள். சொல்லிக்கொடுக்க மூன்று பேர். அதில் இரண்டு பேருக்கு மூட்டுவலி, ஒருத்தி நான். வகுப்பு நடக்கும் அறையை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் வாலிபர்களுக்கென்று ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கலாம் என்று ஒரு தம்பி சொன்னார். யோசனை தப்பில்லை. ஆனால் முடிக்கும்போது, "இந்த ஓசி வேலையெல்லாம் எத்தனை நாளைக்கு ஓடும்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ராயபுரத்தில் பிறந்து, திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டு, முப்பத்தேழு வருஷம் சம்பளத்துக்குப் பாடம் எடுத்தவள் நான். 1978 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாமலும் எடுக்கிறேன். இரண்டிலும் ஒரே தொண்டைதான் வலித்தது. அன்றைக்கு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், எத்தனை நாளாக ஓடியிருக்கிறது என்று கணக்குப் பார்த்தேன்.

முதலில் ஒரு வேடிக்கை. ஞாயிறு பள்ளி என்பதே ஆலைப் பிள்ளைகளுக்காக வந்தது. 1780இல் இங்கிலாந்தில் குளோஸ்டர் என்ற ஊரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் அதை நடத்த ஆரம்பித்தார். வாரம் முழுக்க வேலைக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. அன்று எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்த பெண்களுக்கு அவர் நாளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்தார். ஆக, முதலில் சம்பளம் இருந்தது! அப்புறம் பள்ளிகள் பெருகப் பெருக, தாங்களாகவே முன்வந்து சொல்லிக்கொடுப்பவர்கள்தான் அதைத் தாங்கினார்கள். அந்தத் தம்பி சொன்ன வழி புதியதல்ல, பழையது.

லுத்தரன் சபைகளுக்கு இன்னொரு வேரும் உண்டு. 1528இல் மார்ட்டின் லுத்தர் சாக்சனி கிராமங்களில் சபைகளைப் பார்க்கப் போனார். ஜனங்களுக்கு அடிப்படையே தெரியவில்லை, சில குருமாருக்கும் தெரியவில்லை. நொந்துபோய் அடுத்த வருஷம் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். அதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், வீட்டுக்குப் பெரியவர் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையில்தான் அதன் பகுதிகளை அமைத்தார். குருவானவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். என் திடப்படுத்தலுக்கு முன்னால் அப்பாதான் என்னைக் கேள்வி கேட்டார். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, காபி ஆறுவதற்குள் இரண்டு கேள்வி. பதில் தடுமாறினால் காபி ஆறிப்போகும். அம்மா என்னை முறைப்பார்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்றி புளுட்சோவும் வந்து இறங்கினார்கள். டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானியர்கள். 'தமிழ் அச்சின் முன்னோடி', '1715இல் புதிய ஏற்பாடு' என்று பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள், நானே நடத்தியிருக்கிறேன். நடத்தாத ஒன்றைச் சொல்கிறேன். அவர் தமிழ் கற்றது ஒரு திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு. வயதான உள்ளூர் வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். இந்தியாவின் முதல் லுத்தரன் மிஷனரிக்கு நம்மூர் வாத்தியாரும் நம்மூர்ப் பொடியன்களும்தான் ஆசிரியர்கள். ஆசிரியர் பயிற்சியில் உளவியல் பாடம் எடுத்தவர்கள் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லையே என்று இன்றும் ஆதங்கம்.

சென்னைக்கு அந்த மிஷன் 1726இல் பெஞ்சமின் ஷுல்ட்சே மூலம் வந்தது. அவருக்குப் பின் 1742இல் வந்தவர் யோகான் பிலிப் பெப்ரிசியஸ். நம் ஞானப்பாட்டுகளில் பலவற்றை ஜெர்மன் மொழியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவர், 1779இல் வேப்பேரி அச்சகத்தில் தமிழ் - ஆங்கில அகராதி வெளியிட்டவர். ஆனால் இன்று நான் சொல்ல வந்தது அகராதியைப் பற்றியல்ல.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கருப்பர் நகரத்தில் இருந்த மிஷன் இடங்கள் நாசமாயின. பள்ளிப் பிள்ளைகளும் சபையாரில் ஒரு பகுதியும் டச்சுக்காரர் வசம் இருந்த பழவேற்காட்டுக்கு அடைக்கலம் போனார்கள். 1758 டிசம்பரில் லாலி படையெடுத்து வந்தபோது வேப்பேரி சூறையாடப்பட்டது, பெப்ரிசியஸ் மறுபடியும் சபையாரோடு பழவேற்காட்டுக்குப் போனார். பழவேற்காடு எங்கே இருக்கிறது? நம் திருவொற்றியூர், எண்ணூருக்கு வடக்கே. இன்று கண்டெய்னர் லாரி வரிசையில் நீங்கள் மணிக்கணக்கில் சிக்கிக்கொள்ளும் இதே கரையோரம்தான் வடக்கே போகிற பாதை. பயந்து அழும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டும், இடுப்பில் தூக்கிக்கொண்டும் யாரோ போயிருப்பார்கள். பெப்ரிசியஸ் ஒருவர், அவருக்கு இரண்டு கைகள். மற்ற கைகள் யாருடையவை?

அந்தப் பெரியவரின் கடைசிக் காலத்தையும் மறைக்கக் கூடாது. பணவிஷயத்தில் ஏமாளி. பிறர் நம்பிக் கொடுத்த பணத்தைத் தவறான இடங்களில் கடனாகக் கொடுத்து, எல்லாம் முங்கி, கடன்காரராகச் சிறைக்கே போனார். 1791இல் இறந்தார். சபைக் கணக்கை ஒரே ஆளிடம் விடாதே என்று என் மாமனார் அடிக்கடி சொன்னதற்குப் பின்னால் இந்தக் கதை இருந்ததோ என்னவோ!

இன்னொரு வெட்கக்கேட்டையும் சொல்லியாக வேண்டும். வேப்பேரி மிஷன் ஆங்கிலேயத் திருச்சபையின் கைக்குப் போனது. சாதி வித்தியாசத்தைச் சபைக்குள் விடமாட்டோம் என்று ஆங்கிலேய பிஷப்மார் கண்டிப்பு காட்டினார்கள். அது பிடிக்காமல், 1840களில் இங்கே வேலையை ஆரம்பித்திருந்த ஜெர்மானிய லீப்சிக் மிஷன் பக்கம் வந்த குடும்பங்கள் தஞ்சையிலும் சென்னையிலும் உண்டு. சாதியைப் பொறுத்துப் போகலாம் என்று லீப்சிக்கார்கள் நினைத்தார்கள். அதாவது, நாம் லுத்தரன் ஆனதற்கு எல்லா வீட்டிலும் நல்ல காரணம் மட்டுமே இருந்ததில்லை. எங்கள் ஆயா இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். பெரியவர்கள் பெஞ்சுகளில் யார் எங்கே உட்காருவது என்று ஒரு வழக்கம் இருந்ததாம். ஞாயிறு பள்ளியில் மட்டும் ஒரே கோரைப்பாய். பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பாய் வாங்கக் காசில்லை என்பதுதான் காரணம் என்பார் ஆயா. எந்தக் காரணமாக இருந்தால் என்ன, பாய் ஒன்றுதான்.

ஆயா என்றதும் எம்டன் ஞாபகம் வருகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. 'அவன் சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல் வந்த இரவு அது. ஆயாவுக்கு அப்போது பத்து வயது. ராயபுரத்தில் வானம் செக்கச்செவேலென்று இருந்ததாம். விடிந்ததும் பாதித் தெரு மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பியதாம்.

கப்பல் போய்விட்டது. ஆனால் ஜெர்மானியர் என்றாலே சந்தேகம் என்ற நிலை வந்தது. லீப்சிக் மிஷன் குருமாரில் பெரும்பாலோர் காவலில் வைக்கப்பட்டு, 1915-16இல் கோல்கொண்டா என்ற கப்பலில் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். "துரை ஐயரைக் கூட்டிப் போய்ட்டாங்க, பூட்டை யார்கிட்ட குடுத்தாங்கன்னே தெரியல" என்பார் ஆயா. போர் புரியாத சுவீடன் நாட்டு மிஷனரிகள் பொறுப்பை ஏற்றார்கள். அவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். தஞ்சாவூர் முதல் சென்னை வரை அத்தனை சபைகளுக்கும் அவர்களால் போக முடியுமா? ஞாயிறு ஆராதனை நடந்தது, பிள்ளைகள் பாடினார்கள், சாவுக்கு ஜெபம் செய்ய ஆள் வந்தது என்றால், தமிழ்க் குருமாரும் உபதேசியார்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான் காரணம். 1919 ஜனவரி 14இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று நம் சபை தன் பெயரில் எழுந்து நின்றபோது, அந்த நாலைந்து வருஷப் பழக்கம் அதற்கு முதுகெலும்பாக இருந்தது என்பது என் எண்ணம். முதல் பிஷப் ஹ்யூமன் சுவீடன்காரர், 1921இல் பொறுப்பேற்றார். இந்தியர் ஒருவர், ராஜா பி. மாணிக்கம், பிஷப் ஆனது 1956இல். மேலே இருக்கும் நாற்காலிக்கு நம்மவர் வர அத்தனை காலம் ஆயிற்று. கீழே பாயில் நம்மவர்தான் எப்போதும் உட்கார்ந்திருந்தார்.

ஒரு உண்மையையும் சேர்த்துச் சொல்கிறேன், இல்லாவிட்டால் தியாக வரலாறு போலாகிவிடும். மிஷன் பள்ளி வாத்தியார் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தது எப்போதும் மனமுவந்து அல்ல. மாட்டேன் என்றால் திங்கட்கிழமை வேலை இருக்குமா என்ற பயம் சிலருக்கு இருந்திருக்கும். இப்போதும், 'டீச்சர்தானே, செய்வாங்க' என்று எல்லாவற்றையும் நம் தலையில் கட்டுகிறார்களே, அது அந்தக் கால மிச்சம்.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் ஞாயிறு பள்ளி ஷிப்டை அனுசரித்து ஓடியது. வாகன ஆலை, டயர் ஆலை, தீப்பெட்டி ஆலை, துறைமுகம் என்று சபையாரில் பாதிப் பேர் ஷிப்ட் ஆட்கள். எனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த அண்ணன் இரவு ஷிப்ட் முடித்து, எண்ணெய்க் கறையோடு நேராக வந்து ஆர்மோனியத்தில் உட்காருவார். ஒருநாள் பாட்டுக்கு நடுவிலேயே தூங்கிவிட்டார், கை மட்டும் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதே சுதியில் பாடி முடித்தோம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காயை நாலு மடங்கு விலைக்கு எடுத்து, மறுபடியும் ஏலத்துக்கே கொடுப்பவரும் அவர்தான். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வர்ணத்தாள் அந்தப் பணத்தில்தான் வாங்குவோம்.

என் தவறு ஒன்று. தொண்ணூறுகளில் ஒரு பையன் விடியற்காலை காசிமேட்டில் கூடை தூக்கிவிட்டு வகுப்புக்கு வருவான். தாமதமாக வருவான், மேலே மீன் வாடை. ஒருநாள் எல்லார் முன்னாலும், "குளிச்சிட்டு வர முடியாதா?" என்று கேட்டுவிட்டேன். அவன் அதன் பிறகு வரவில்லை. ஆலைப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த பள்ளியிலிருந்து உழைக்கும் பிள்ளையைத் துரத்தியவள் நான். இப்போதும் மார்க்கெட்டில் பார்த்தால், "டீச்சர், நெத்திலி நல்லா இருக்கு, எடுத்துக்குங்க" என்பார். அந்த நாளைப் பற்றி அவரும் பேசியதில்லை, எனக்கும் வாய் வரவில்லை.

கடைசியாக நீல நோட்டு. கிறிஸ்துமஸுக்கு முன் வாலிபர் சங்கத்தார் கேரல் ரவுண்ட்ஸ் போவார்கள் அல்லவா, அதற்கென்று ஒரு நீள நோட்டு உண்டு. நீல அட்டை. எந்தச் சந்து, எத்தனையாவது வீடு, யார் படுக்கையில் இருக்கிறார், எங்கே நாய் கடிக்கும் எல்லாம் இருக்கும். வருஷாவருஷம் அடித்துத் திருத்திய கிறுக்கல். யாருக்கும் அதற்காக ஒரு பைசா கொடுத்ததில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்தபோது சில பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள், சிலர் வீட்டில். எந்தப் பிள்ளை எந்தக் குப்பத்தில் என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் வாலிபர்கள் ஓடினார்கள். பத்தொன்பது வருஷம் கழித்து அதே டிசம்பர் 26. 2023இல், மிக்ஜாம் புயல் தண்ணீரோடு முகத்துவாரத்தில் வந்த எண்ணெய்க் கசடு இன்னும் கரையை விட்டுப் போகாத நேரம். நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா குழாய் கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத் திணறல், ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அந்தப் பக்கம் எங்கள் சபையார் ஏழெட்டு வீடு. மூன்று நாள் முன்புதான் பாடிவிட்டு வந்த பிள்ளைகள், நோட்டைத் திறந்து படுக்கையில் இருந்த இரண்டு பாட்டிமார் வீட்டுக்கும் போன் போட்டு, ஆட்டோவோடு போய்க் கூட்டி வந்தார்கள். போனவர்களில் ஒருத்தி என் நாலாம் வகுப்பு மாணவி. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வாள்.

சம்பளத்துக்கு ஆள் வைப்பதற்கு நான் எதிரியில்லை. வைக்கட்டும், நல்ல சம்பளமும் கொடுக்கட்டும். அறையை மட்டும் வாடகைக்கு விட வேண்டாம் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லப் போகிறேன், நோட்டையும் எடுத்துப் போகிறேன். அந்தத் தம்பியின் பெயரும் 1998ஆம் வருஷப் பக்கத்தில் இருக்கிறது, மெழுகுவர்த்தி பிடித்த பையன்கள் வரிசையில்.

விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது, எனவே ஆவடிக்கும் செங்குன்றத்துக்கும் குடிபோன என் பழைய மாணவர்கள் தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது. வகுப்பு ஞாயிறு காலை எட்டேகாலுக்கு. பாடம் நடத்த வேண்டாம், பாட்டுக்கு ஆர்மோனியம் வாசிக்க ஒரு ஆள் கிடைத்தால் போதும். சாவி என்னிடம் இருக்கிறது, எட்டு மணிக்கே திறந்துவிடுவேன்.