காரணம் அறியப்படாத நாட்பட்ட நரம்புச் சிதைவு

மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே ஓடும் புற நரம்புகள், காரணம் புலப்படாமல் மெல்லச் சிதையும் நிலை. பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களிடம் காணப்படுவது. நீரிழிவு, மதுப்பழக்கம், பி12 வைட்டமின் குறைவு, சிறுநீரகக் கோளாறு, தொழுநோய், சில புற்றுநோய் மருந்துகள் என அறிந்த காரணங்களையெல்லாம் விலக்கிய பிறகே இப்பெயர் சூட்டப்படுகிறது. தனி நோய் என்பதைவிட, வகைப்பாட்டில் எஞ்சிய மிச்சம் என்பதே பொருந்தும்.

1850-இல் ஆகஸ்டஸ் வாலர் தவளை நாக்கின் நரம்புகளை வெட்டி, வெட்டுக்கு அப்பாலுள்ள இழைகள் சிதைவதைக் காட்டினார். நரம்பிழை உயிரோடிருக்க அதன் செல்லுடலோடு தொடர்பு அறாதிருக்க வேண்டும் என்பது இதனால் விளங்கிற்று. முதுகின் அடியிலிருந்து பாதம்வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும் இழைகள் இந்நிலையில் முதலில் நலிவது ஏன் என்பதற்கும் விடை இங்கேதான் தொடங்குகிறது.

1981-இல் மேயோ மருத்துவமனையின் பீட்டர் டைக் குழுவினர், காரணம் தெரியாதெனப் பிற மருத்துவர்கள் அனுப்பிய 205 நோயாளிகளை மீண்டும் ஆராய்ந்தனர். நோயாளிகளின் உறவினரையும் சோதித்தனர். 76 விழுக்காட்டினருக்குக் காரணம் அகப்பட்டது; அதில் பெரும்பங்கு பரம்பரை நோய். 1984-இல் சிட்னியில் மெக்லியோட் குழுவினர் ஆராய்ந்த 519 பேரில் 67 பேருக்கு மட்டுமே காரணம் கிட்டவில்லை. தேடுகிறவர் எவ்வளவு தேடினார் என்பதைப் பொறுத்தே இந்த மிச்சம் கூடும், குறையும். சர்க்கரை அளவு சற்றே உயர்ந்திருப்பதுதான் காரணம் என்ற பிற்கால வாதம் எல்லாருக்கும் பொருந்துவதில்லை.

கால்விரல்களில் மதமதப்பு, எரிச்சல், பஞ்சின்மேல் நடப்பது போன்ற உணர்வு ஆகியவை தொடக்க அறிகுறிகள். அதிரும் இசைக்கவையைப் பெருவிரலில் வைத்தால் அதிர்வு தெரியாது. கணுக்கால் அனிச்சை மறைந்திருக்கும். மதமதப்பு முழங்காலை எட்டும் வேளையில் கைவிரல் நுனிகளிலும் தொடங்குவது வழக்கம். நெதர்லாந்தில் நோட்டர்மன்ஸ் குழுவினர் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1994-இல் வெளியிட்ட ஆய்வு, சிதைவு மிக மெதுவாகவே கூடுவதைக் காட்டியது. நடை தள்ளாடும், இருட்டில் விழ நேரும். அடியோடு முடங்கிப்போவது அரிது. சில வாரங்களிலேயே கால் வலுவிழந்தால் அது இந்த நோயன்று, வேறு காரணம் தேடவேண்டும்.

சிதைவைத் தடுக்கும் மருந்து இல்லை. எரிச்சலுக்கும் வலிக்கும் கபாபென்டின், டுலோக்செடின் முதலியவை தரப்படுகின்றன.