முதுகுப் பக்கம் ஒரு பின்னல்

ஈயப் பொம்மை வாங்கினா, பெயின்ட்டும் நாமதான் அடிக்கணும். அதுக்கு மாற்றா 1980-ல் அமெரிக்காவில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் ‘கார்ட்போர்டு ஹீரோஸ்’ வெளியிட்டது. வரைந்தவர் டெனிஸ் லூபே. வண்ணத்தோடவே வர்ற அட்டை வீரர்கள். உயரம் சுமார் ஒரு அங்குலம். முன்பக்கம் முகம், பின்பக்கம் முதுகு, ரெண்டும் வரையணும். தலைக்கு மேல மடிக்கிறதால முதுகு தலைகீழா இருக்கணும். (நான் முதல்ல இதுலயே சொதப்பினேன்.)

அதே மாதிரி நானும் ஒரு ஜோடி வரைஞ்சேன். ஆணுக்கு முழுக் கவசம். பெண்ணுக்கு, கை தன்னால போய், இடுப்பு தெரியுற உடை. அந்தப் பாத்திரத்தை ஆடுற தோழி எடுத்துப் பார்த்தா.

“இவ சண்டைக்குப் போறாளா, ரிசப்ஷனுக்கா?”

அவ்ளோ சின்ன முகத்துல ஆணா பெண்ணான்னு எப்படிக் காட்டுறதுன்னு சமாளிச்சேன். அவ சிரிக்கல. மறுபடி வரைஞ்சேன்: கவசம், கேடயம், முதுகுல நீளமா ஒரு பின்னல். எதிர்ல நிக்கிற பூதத்துக்கு அது தெரியாது.

அதை அவ வாங்கி வச்சுக்கிட்டா.