ஏற்பதும் மறுப்பதும்: தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் வேறுபாடுகளும் தன்திறன் மதிப்பும்
(திண்டிவனம் – பெருமுக்கல் – மரக்காணம் வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

குழந்தை தன் வேறுபாட்டை ஏற்பதும் தன் திறமையை மதிப்பதும் அறிவுரையால் விளைவதில்லை. வகுப்பறை அமைக்கப்பட்டிருக்கும் முறையால் விளைகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். மதிக்க வேண்டிய வேறுபாட்டையும் ஒழிக்க வேண்டிய ஏற்றத்தாழ்வையும் பள்ளி பிரித்தறிய வேண்டும் என்றும், திறமையைப் பிறப்போடு கட்டிவைக்கும் போக்கிலிருந்து விலக வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது.

முன்னுரை

திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் போகும் சாலையில் பெருமுக்கல் மலை இருக்கிறது. மலைக்குகையில் வரலாற்றுக்கு முற்பட்ட பாறைக் கீறல்களும், மேலே சிவன் கோயிலும் கல்வெட்டுகளும் உள்ளன. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஹைதர் அலியின் படையும் மாறி மாறி மோதிய கோட்டையும் இதுதான். இம்மலையிலிருந்து கடற்கரை வரையுள்ள ஊர்களின் அரசுப் பள்ளிகளில் உழவர், கல்லுடைப்போர், உப்பளத் தொழிலாளர், மீனவர், இருளர் என்று பல வகைக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு கொண்டுவந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று இதே வட்டாரத்தில், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. பள்ளி திறந்தபோது ஒரே வகுப்பிலிருந்த குழந்தைகளின் நிலைகள் முன்பைவிட விலகியிருந்தன. பத்திகளை வாசிப்பவரும் எழுத்தே மறந்தவரும் அருகருகே உட்கார்ந்தார்கள். பின்தங்கிய குழந்தைக்குக் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. அந்தக் கூடுதல் நேரம், தன்னைப் பற்றி அக்குழந்தை கொள்ளும் எண்ணத்தை என்ன செய்கிறது என்ற கேள்விதான் போதிய அளவு கேட்கப்படவில்லை.

ஒப்பிடத் தொடங்கும் வயது

ஐந்து வயதுக் குழந்தையிடம் உன் வகுப்பில் யார் நன்றாக ஓடுவார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் 'நான்' என்றே பதில் வரும். இது செருக்கன்று, தன்னை அளக்கப் பிறரை அளவுகோலாக்கும் பழக்கம் அந்த வயதில் உறுதிப்படுவதில்லை. டயான் ரூபிள் குழுவினர் 1980இல் வெளியிட்ட ஆய்வு, ஏழு, எட்டு வயதை ஒட்டியே குழந்தைகள் சக மாணவரோடு தம்மை ஒப்பிட்டுத் தம் திறனை மதிப்பிடத் தொடங்குகிறார்கள் என்று காட்டியது. தமிழகத்தில் அது இரண்டாம், மூன்றாம் வகுப்பு. நிலைவாரியான கற்பித்தல் முழு வீச்சில் நடக்கும் வகுப்புகளும் அவையே. ஆகவே தொடக்கப்பள்ளியின் ஏற்பாடுகள், ஒப்பிடும் பழக்கம் உருவாகும்போதே அதற்கு வடிவம் கொடுத்துவிடுகின்றன.

பாராட்டினால் இதைச் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆய்வுகள் அதற்கு முழுத் துணை நிற்கவில்லை. கிளாடியா மியுல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் செய்த சோதனைகளில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்டவர்கள் தோல்விக்குப் பிறகு, முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட எளிதில் சோர்ந்தார்கள். எடி புரும்மெல்மன் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, தன்மதிப்புக் குறைந்த குழந்தைகளை மிகைப்படுத்திப் புகழ்ந்தால் அவர்கள் கடினமான பணியைத் தவிர்க்க முற்படுகிறார்கள். இவை அமெரிக்க, ஐரோப்பியக் குழந்தைகளிடம் செய்யப்பட்டவை. டுவெக்கின் கருத்தை ஒட்டிய பயிற்சிகள் தரும் பலன் சராசரியில் சிறிதே என்று பிந்தைய தொகுப்பாய்வுகளும் கூறுகின்றன. ஆனாலும் அவற்றிலிருந்து ஒரு குறைந்தபட்ச முடிவுக்கு வரலாம்: குழந்தையின் மேல் ஒட்டப்படும் முத்திரை, நல்ல முத்திரையாகவே இருந்தாலும், சுமையாகிவிடக்கூடும். அதைவிட, குழந்தை செய்த வேலையைக் குறிப்பாகச் சுட்டிப் பேசுவது பயன்தரும்.

ஏணியும் நிலைகளும்

வேறுபாட்டை வகுப்பறை அமைப்பாலேயே எதிர்கொண்ட முயற்சி ஒன்று தமிழகத்தில் உண்டு. ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான முறையைத் தழுவி, எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003இல் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007–08இல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. பாடம் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. அட்டைகளின் வரிசையைச் சுவரில் தொங்கிய ஏணிப்படம் காட்டியது. குழந்தை தன் படியைத் தானே கண்டு, உரிய அட்டையை எடுத்து, அதற்குரிய குழுவில் பாயில் அமர்ந்தது. ஆசிரியரும் தரையிலேயே உட்கார்ந்தார். கைக்கு எட்டும் உயரத்தில் ஒவ்வொருவருக்கும் கரும்பலகையில் ஓர் இடம் இருந்தது. நாள்கணக்கில் பள்ளிக்கு வராத குழந்தையும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. வேலை தேடி இடம்பெயரும் குடும்பங்கள் உள்ள வட்டாரத்துக்கு இது பெரிய ஆறுதல்.

இம்முறையின் நுட்பம் குழு ஓயாமல் மாறுவதில் இருந்தது. ஆசிரியர் துணையோடு கற்கும் குழு, சக மாணவர் துணையோடு கற்கும் குழு, தானே கற்கும் குழு என்று ஒரு குழந்தை ஒரே நாளில் பல குழுக்களுக்குப் போய்வந்தது. எந்தக் குழுவும் எவருக்கும் நிரந்தர முகவரி ஆகவில்லை. அட்டைகளின் பெருக்கம் ஆசிரியரைத் திணறடித்தது, பாடம் நடத்துவதே இல்லை என்று பெற்றோர் குறைபட்டார்கள் என்பனவெல்லாம் உண்மையே. இவற்றைவிட அடிப்படையான வரம்பு ஒன்றும் இருந்தது. படிகள் எல்லாருக்கும் ஒன்றே என்பதால், ஏணி வேக வேறுபாட்டை மதித்தது. திறமையின் வகையில் உள்ள வேறுபாடு அதன் எல்லைக்குள் வரவில்லை.

2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில் வைத்துக் கற்பிக்கிறது. எட்டு வயதுக்குள் எல்லாரும் வாசிக்கவும் கணக்கிடவும் வேண்டும் என்ற அதன் இலக்கு நியாயமானது. அடிப்படை எழுத்தறிவு கைவராத குழந்தையிடம் தனித்திறமை பற்றிப் பேசுவது ஏமாற்று. ஆனால் நிலைக்கு எவ்வளவு அழகாகப் பெயரிட்டாலும் அது உயர்வா தாழ்வா என்பதைக் குழந்தைகள் சில நாளிலேயே கண்டுகொள்வார்கள். தமிழில் அரும்பிலிருப்பவர் கணக்கில் மலரிலிருக்க இடமிருந்து, நிலைகள் அடிக்கடி மறுபார்வைக்கு வந்தால் அது கற்றலுக்கான உதவி. எல்லாப் பாடத்துக்கும் ஒரே மூலையில் ஆண்டு முழுவதும் உட்காரவைத்தால், பழைய கடைசி பெஞ்சு தரைக்கு இறங்கிவந்ததாகவே பொருள்.

திறமையும் பிறப்பும்

வகை வேறுபாட்டுக்கு விடையாக ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் முன்வைத்த பன்முக நுண்ணறிவுக் கோட்பாடு நம் ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி பேசப்படுகிறது. மதிப்பெண் ஒன்றே அறிவாகாது என்று ஆசிரியர்களை உணரவைத்தது அதன் கொடை. ஆனால், குழந்தைகளை வகைபிரித்து ஒவ்வொரு வகைக்கும் ஏற்பக் கற்பித்தால் கற்றல் மேம்படும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. விரல் ரேகையை வைத்துக் குழந்தையின் திறமையைச் சொல்வதாக விற்கப்படும் சோதனைகளுக்கு அறிவியல் அடிப்படையே கிடையாது.

திறமையை முன்கூட்டியே குறித்துவிடுவதில் என்ன ஆபத்து என்பதைத் தமிழகம் பட்டறிந்திருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வழிசெய்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதை எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. உள்ளூர்த் திறமைகளை மதிப்போம் என்று இன்று பேசும் எவரும் இந்த வரலாற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பாம்பு பிடித்துப் பிழைத்த பழங்குடியினரான இருளரின் அனுபவம் இங்கு உதவுகிறது. பாம்புத் தோல் வணிகம் 1970களில் தடைசெய்யப்பட்டபோது, பாம்பின் தடம் அறிந்த அவர்களின் திறன் பிழைப்புக்கு உதவாமற்போனது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, மாமல்லபுரம் சாலையிலுள்ள வடநெம்மேலியில் நஞ்செடுத்து, விஷமுறிவு மருந்துத் தயாரிப்புக்கு வழங்கத் தொடங்கியது. அச்சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அறிவு முன்பே இருந்தது. அதைப் பயன்கொள்ளும் அமைப்பு வந்த பிறகே உலகம் அதை மதித்தது. வகுப்பறைக்கும் இது பொருந்தும். திறமையைப் புகழ்ந்தால் மட்டும் போதாது. பிறருக்கு அது பயன்படும் வாய்ப்பைப் பள்ளி உண்டாக்க வேண்டும்.

ஆனால் இதிலிருந்து, இருளர் குழந்தை பாம்பறிவுக்குரியது என்று முடிவுகட்டினால் 1953க்கே திரும்பிவிடுவோம். அக்குழந்தைக்கு அறுவை மருத்துவமோ கணிதமோ கைவரக்கூடும். அதை அறிய அவை அக்குழந்தையின் முன் வைக்கப்பட வேண்டும். வீட்டறிவுக்கு வகுப்பில் மதிப்புத் தருவது தொடக்கம். அதையே எல்லையாக்குவது அநீதி.

ஏற்கக் கூடாத வேறுபாடு

எல்லா வேறுபாட்டையும் ஏற்கச் சொல்வதும் பிழை. மெதுவாக வாசிப்பது, இடக்கையால் எழுதுவது, கூச்சம் ஆகியவை மதிக்க வேண்டியவை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகை இயலாமைகளுக்கு மதிப்போடு சாய்தளமும் சிறப்பாசிரியரும் கருவிகளும் வேண்டும். மூன்றாவது வகை, சமூகம் சுமத்திய ஏற்றத்தாழ்வு. நாங்குநேரியில் மாணவர் ஒருவர் சாதி வெறிக்கு ஆளாகி வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடைசெய்யவும், மாணவரை அகர வரிசையில் உட்காரவைக்கவும் பரிந்துரைத்தது. சாதியை உடைக்க இருக்கை வரிசையும் ஒரு கருவி என்று அக்குழு கண்டது இக்கட்டுரையின் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது.

பழங்குடிச் சாதிச் சான்று கிடைக்காமல் உதவித்தொகையும் மேற்படிப்பும் தடைப்படும் இருளர் குழந்தையிடம் 'உன்னை நீ ஏற்றுக்கொள்' என்று சொல்வதில் அறமில்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி உருவாக்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் சான்றுக்கும் கல்விக்கும் சேர்த்தே போராடியது. தன்மதிப்பும் உரிமையும் ஒன்றையொன்று தாங்குவன என்பதற்கு இவ்வட்டாரமே தந்த சான்று அது.

முடிவுரை

இவ்வாதத்திலிருந்து சில நடைமுறைகள் பெறப்படுகின்றன. கற்றல் நிலைகள் பாடத்துக்குப் பாடம் தனித்தனியாகவும் அடிக்கடி மாறுவனவாகவும் இருக்க வேண்டும். பாராட்டு, செய்த வேலையைச் சுட்ட வேண்டும். 2022–23இல் தொடங்கிய பள்ளிக் கலைத் திருவிழா வரவேற்கத்தக்கது. எனினும் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று சலித்தெடுக்கும் போட்டி வெற்றியாளரைத்தான் கண்டுபிடிக்கும். சிறு வகுப்புகளுக்கு வேண்டியது தரவரிசையற்ற மேடை.

பெருமுக்கல் மலையையே ஒரு பருவத்தின் பாடமாக்கலாம். கீறல்களை வரைதல், பாறைகளை இனம்காணுதல், செடிகளைப் பட்டியலிடுதல், பெரியவர்களிடம் கதை கேட்டு எழுதுதல், படிகளை அளத்தல் என்று பல வகைத் திறன்களுக்கு அதில் வேலையுண்டு. வேலைகள் சுழற்சி முறையில் மாற வேண்டும் என்பது இதன் கட்டாய நிபந்தனை. கல்லுடைப்பவரின் மகள் கல்லைப் பற்றிச் சொல்லட்டும்; அடுத்த வாரம் அவளே அறிக்கை எழுதட்டும். நன்றாக எழுதும் பையன் அளவுநாடாவைப் பிடிக்கட்டும். பிள்ளைகள் தமக்குத் தெரிந்ததைப் பிறருக்குக் கொடுக்கவும், தெரியாததைக் கூசாமல் கேட்கவும் இதில் பழகுவார்கள். வேறுபாட்டை ஏற்பது என்பது நடைமுறையில் இவ்விரண்டும்தான்.

எத்தனை பேர் பரிசு வாங்கினார்கள் என்பதோடு, ஆண்டில் ஒருமுறைகூட வாய்ப்பு வராமல் எத்தனை குழந்தைகள் விடுபட்டார்கள் என்பதையும் பள்ளி கணக்கெடுக்க வேண்டும். அந்த இரண்டாவது எண்ணைப் பூச்சியமாக்குவது ஆசிரியரின் கைக்கெட்டும் செயல். அதற்குப் புதிய திட்டமோ தனி நிதியோ தேவையில்லை.