காங்கேசன்துறை: படைத் துறைமுகத்திலிருந்து பயணிகள் துறைமுகமாக

2023 ஒக்டோபர் 14 அன்று நாகபட்டினத்திலிருந்து 'செரியபாணி' என்ற கப்பல் 50 பயணிகளுடன் காங்கேசன்துறையை வந்தடைந்தது. '40 ஆண்டுகளுக்குப் பின்னர் மீண்டும் கப்பல் சேவை' என்று அன்று பரவலாகச் செய்தி வெளியானது. 1980களின் முற்பகுதியில் யுத்தச் சூழலால் நின்றுபோனது தலைமன்னார் - இராமேஸ்வரம் சேவை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடங்கிய அந்தச் சேவை, 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து நடந்தது. காங்கேசன்துறையின் கதை அதிலிருந்து வேறுபட்டது.

யுத்தத்துக்கு முன்னர்

வடக்குப் புகையிரதப் பாதையின் கடைசித் தரிப்பிடம் காங்கேசன்துறை. 1950இல் அமைக்கப்பட்ட சீமெந்துத் தொழிற்சாலை, புகையிரத நிலையம், துறைமுகம் ஆகிய மூன்றும் அருகருகே இருந்ததால் வலிகாமம் வடக்கின் பல குடும்பங்களுக்கு அங்கேயே தொழில் கிடைத்தது. 1990 யூனில் மோதல் மீண்டும் வெடித்தபோது புகையிரதம் நின்றது. தொழிற்சாலை மூடப்பட்டது. மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது.

யுத்த காலத்தில்

ஊர் வெறிச்சோடினாலும் துறைமுகம் ஓயவில்லை. தரைப்பாதை மூடப்பட்டிருந்த காலங்களில் குடாநாட்டிலிருந்த படையினருக்கான விநியோகம் பெரும்பாலும் இந்த வழியாகவே வந்தது. 2006 ஓகஸ்ட் 11 அன்று முகமாலையில் மோதல் தொடங்கி ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர், பொதுமக்களுக்கும் உணவுப் பொருட்கள் கடல்வழியாகவே வந்தன. வெளியே செல்ல வேண்டியவர்கள் படையினரிடம் 'கிளியரன்ஸ்' பெற்று, நாட்கணக்கில் காத்திருந்து, கப்பலில் திருகோணமலைக்குப் போனார்கள். நோயாளிகளும் மாணவர்களும் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் கொழும்பு செல்ல வேண்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள். பொதுமக்களில் பலர் இந்தத் துறைமுகத்தின் உட்பகுதியை முதன்முதலில் கண்டது அந்தச் சோதனை வரிசைகளில்தான்.

யுத்தத்தின் பின்னர்

துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கப்பல்களின் சிதைவுகளை அகற்றும் பணி இந்திய உதவியுடன் நடந்தது. புகையிரத சேவை 2015 ஜனவரியில் மீண்டும் காங்கேசன்துறை வரை வந்தது. துறைமுகப் புனரமைப்புக்காக 2018 ஜனவரியில் இந்தியா 4 கோடி 50 இலட்சம் டொலருக்குச் சற்று அதிகமான கடனுதவிக்கு உடன்பட்டது. பின்னர் அது நன்கொடையாக மாற்றப்பட்டது.

2023 யூன் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பல் ஒன்று வந்தபோது புதிய பயணிகள் முனையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் தொடங்கிய நாகபட்டினம் சேவை சில நாட்களிலேயே பருவமழை காரணமாக நிறுத்தப்பட்டது. 2024 ஓகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' கப்பலுடன் தனியார் நிறுவனம் ஒன்று அதை மீண்டும் ஆரம்பித்தது. அதே ஆண்டு நவம்பரில் நின்ற சேவை, 2025 பெப்ரவரி 22 அன்று தொடர்ந்தது.

இடைவெளி ஏறத்தாழ 60 கடல் மைல். பயண நேரம் சுமார் 4 மணித்தியாலம். கப்பலில் 150 பேர் பயணிக்கலாம். கடவுச்சீட்டும் விசாவும் அவசியம்; குடிவரவு, சுங்கச் சோதனைகள் முனையத்திலேயே நடக்கும். வாடைக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் சேவை தடைப்படுவது வழமை. எனவே ஐப்பசி தொடக்கம் தை வரை பயணம் செய்ய எண்ணுபவர்கள், கப்பல் ஓடுகிறதா என்பதை உறுதிப்படுத்திய பின்னரே ஏனைய ஏற்பாடுகளைச் செய்வது நல்லது.

இன்னும் தீராதவை

முனையத்திலிருந்து வெளியே வரும் பயணி முதலில் காண்பது கடற்படையையும் இராணுவத்தையும்தான். வடக்குக் கடற்படைத் தலைமையகம் இங்கேயே இருக்கிறது. அருகில் இராணுவம் நடத்தும் 'தல்செவன' விடுதி இயங்குகிறது. 2013இல் வலிகாமத்தில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. அதன் பின்னர் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன; மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் 2017 யூலையில் மக்களிடம் திரும்பியது. ஆனால் சொந்தக் காணிக்காக இன்னும் காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

தமிழகத்தில் இருந்து நாடு திரும்ப விரும்பும் அகதிகளுக்கும் இந்தப் பாதை முக்கியமானது. பல ஆண்டுகள் சேர்த்த வீட்டுப் பொருட்களை விமானத்தில் கொண்டுவர முடியாது என்பதால், கப்பல் வேண்டும் என்று அவர்கள் நீண்ட காலமாகக் கேட்டு வந்தார்கள். 2011இல் கொழும்பு - தூத்துக்குடி சேவை நடந்த சில மாதங்களில் ஒரு சிறு தொகுதியினர் அவ்வாறு திரும்பினார்கள். அந்தச் சேவை அதே ஆண்டு நவம்பரில் நின்றுவிட்டது.

இன்று கப்பல் இருந்தாலும் ஆவணச் சிக்கல் தீரவில்லை. யுத்த காலத்தில் கடவுச்சீட்டு இல்லாமல் படகேறியவர்களை, சட்டவிரோதமாக நாட்டைவிட்டு வெளியேறியவர்களாகவே குடிவரவுச் சட்டம் பார்க்கிறது. 2025 மே மாதத்தில் தமிழகத்திலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் இந்தக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டது பலத்த கண்டனத்தை எழுப்பியது. விமானத்தில் வந்தாலும் கப்பலில் வந்தாலும் சட்டம் ஒன்றுதான். எனவே திரும்ப எண்ணும் குடும்பங்கள் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்னர், சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் தமது பயண ஆவணங்களைச் சரிசெய்து, சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையையும் பெற்றுக்கொள்வது பாதுகாப்பானது.