மஸ்தரும் கூட்டுவினையும் (பாரசீக இலக்கணம்)

பாரசீக அகராதிகள் வினைச்சொல்லைத் தரும் வடிவம் மஸ்தர். அது ‘தன்’ என முடியும்: ரஃப்தன் (போதல்), தீதன் (பார்த்தல்). ஈற்று ‘அன்’ நீங்கினால் இறந்தகால அடி கிடைக்கும்: ரஃப்த்.

மஸ்தர் முழுமையான பெயர்ச்சொல். எழுவாயாக வரும், முன்னிடைச்சொல் ஏற்கும், ‘ந’ சேர்ந்து எதிர்மறையும் ஆகும்: நரஃப்தன் (போகாமை). செயப்படுபொருளை முன்னால் வைத்து ‘கெதாப் கான்தன்’ என்றோ, இஸாஃபெ எனும் இணைப்பொலியால் ‘கான்தனெ கெதாப்’ என்றோ சொல்லலாம். இரண்டும் புத்தக வாசிப்பே.

இன்றைய பாரசீகத்தில் தனிவினைகள் குறைவு. மொழியின் உயிரோட்டம் கூட்டுவினைகளில்தான் இருக்கிறது. பெயரோ பெயரடையோ முன்னே நிற்க, கர்தன் (செய்தல்), ஸதன் (அடித்தல்), கோர்தன் (உண்ணல்) போன்ற வினை பின்னே வரும். ஹர்ஃப் ஸதன் என்றால் பேசுதல். ஸமீன் கோர்தன் என்றால் கீழே விழுதல். தெலெஃபோன் கர்தன் போலப் புதுச்சொற்களும் இவ்வழியே எளிதாக நுழைகின்றன.

பொருளால் ஒன்றானாலும் இவை வடிவத்தால் ஒட்டிவிடுவதில்லை. ‘பேசுவதில்லை’ என்பதற்கு ‘ஹர்ஃப் நெமீஸனம்’: எதிர்மறை இடையில் புகுகிறது. ‘தூஸ்தத் தாரம்’ (உன்னை நேசிக்கிறேன்) என்பதில் ‘உன்னை’ எனும் விகுதி பெயர்ப்பகுதியோடு சேர்கிறது. கற்பவர் முதலில் பழக வேண்டியது இந்தப் பிளவுதான்.