கோச் தேடுவதற்கு முன்னால் கொஞ்சம் செஸ் வரலாறு

இங்கே சந்தாபுராவில், எங்க அப்பார்ட்மெண்ட் பிள்ளைகளுக்கு இப்போ செஸ் பைத்தியம். 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் நம்ம குகேஷ், டிங் லிரெனை 7.5 - 6.5 என்று ஜெயித்து 18 வயதில் உலக சாம்பியன் ஆனார் இல்லையா, அதுக்கப்புறம் ரொம்பவே கூடிப்போச்சு. பார்க்கிற நம்மூர்க்காரங்க எல்லாரும் கேட்கிறது ஒண்ணுதான்: "பையனுக்கு நல்ல கோச் யாராவது இருக்காங்களா?"

கோச் இருக்கட்டும். கோச்சே இல்லாத காலத்தில் சென்னைக்காரர்கள் எப்படிக் கற்றார்கள்னு பார்ப்போம்.

முதலில் மானுவல் ஆரோன். 1935-ல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். அந்தக் காலத்தில் நம் ஊர்களில் ஆடியது நாட்டுச் சதுரங்கம். சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் போகாது. கோட்டை கட்டுவதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒருமுறை குதிரை மாதிரி தாவலாம். சர்வதேச விதிகளையும் ஓபனிங் புத்தகங்களையும் படிங்கன்னு ஊர் ஊராகச் சொன்னவர் ஆரோன். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். ஒன்பது முறை தேசிய சாம்பியன்.

அவரோட 1962 ஸ்டாக்ஹோம் போட்டி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 23 பேரில் கடைசி இடம், 22 ஆட்டத்தில் 4 புள்ளி. ஆனா அதே போட்டியில் போர்டிஷ், உல்மன் என்ற இரண்டு பெரிய கிராண்ட்மாஸ்டர்களைத் தோற்கடித்தார். பிள்ளை டோர்னமெண்டில் கடைசியாக வந்தால் முகம் சுளிக்கும் அப்பாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

நாட்டின் இரண்டாவது மாஸ்டர் ரவிகுமார், அவரும் தமிழ்நாடுதான். பட்டம் வந்த வருஷம் 1978. இடையில் 17 வருஷம்! அதன் பிறகு 1988-லேயே கிராண்ட்மாஸ்டர் வந்துட்டார், ஆனந்த். நடுவில் என்ன நடந்தது?

ஒரு முக்கியமான காரணம், 1972-ல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் ஆரோன் தொடங்கிய தால் செஸ் கிளப். முன்னாள் உலக சாம்பியன் மிகைல் தால் பேரை வைத்தார்கள். படிக்க ரஷ்யப் புத்தகம், ஆட எதிரே ஆள். ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையில் நிற்கணும். சின்னப் பையன் ஆனந்த், பெரியவர்களோடு மோதி வளர்ந்தது அங்கேதான்.

அடுத்து, வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கான கதை. ஆனந்தின் அப்பா ரயில்வே அதிகாரி. எழுபதுகளின் கடைசியில் வேலை நிமித்தம் குடும்பத்தோடு மணிலா போனார். அங்கே டிவியில் பகலில் செஸ் நிகழ்ச்சி வரும். பையன் பள்ளியில் இருப்பான். அம்மா சுசீலா ஆட்டத்தையும் புதிரையும் எழுதி வைப்பார். சாயங்காலம் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு, புத்தகம். கடைசியில் "வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கோ தம்பி, இனிமே விடை அனுப்பாதே" என்கிற அளவுக்குப் போச்சு!

குகேஷ் செஸ் கற்கத் தொடங்கியது 2013-ல், 7 வயதில். அதே வருஷம்தான் சென்னையில் ஆனந்த் - கார்ல்சன் போட்டி. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, குகேஷ் கிராண்ட்மாஸ்டர் அளவுக்கு வரும்வரை கம்ப்யூட்டர் எஞ்சின் பக்கமே விடவில்லை. தானாக யோசித்துக் கணக்குப் போடும் பழக்கம் முதலில் வரட்டும் என்பதுதான்.

ஆக, நான் எடுத்துக்கொண்டது மூன்று:

1. தன்னைவிட நன்றாக ஆடுபவரோடு, நேரில், போர்டு வைத்து ஆடணும். தோல்வி வரும், வரட்டும்.

2. ஆட்டத்தை நோட்டில் எழுதி, எங்கே சறுக்கியது என்று முதலில் தானே தேடணும். எஞ்சின் அப்புறம்.

3. பக்கத்தில் ஒரு பெரியவர் உட்காரணும். செஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காய் அடுக்கிக் கொடுத்து "ஏன் இங்கே வச்சே?" என்று கேட்டால் போதும்.

ஓசூர் ரோடு டிராஃபிக்கில் வந்து இறங்கும்போது உடம்பில் தெம்பு இருக்காது, தெரியும். ஆனா ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் நாலு போர்டு போட காசு பெரிசா ஆகாது. ஆரோன் ஆரம்பித்ததும் ஒரு அறையில்தான்.

உங்க பக்கம் இப்படி யாராவது நடத்துறீங்களா? சொல்லுங்க, பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்றோம்.